அளவுக்கு ஒரு ஆள்

படகு ஆடுது. கடல்னா படகு ஆடத்தான் செய்யும், அதுக்குப்போய் இந்தப் பசங்க போடற கூச்சல் இருக்கே, மால்பே துறையில நிக்கறவனுக்கெல்லாம் கேட்டிருக்கும். ஆடவேண்டியது படகு இல்லை, நீதான். கேக்குதா, உள்ளே இருக்கறவனே, இருக்கறவளே, உன்னைத்தான். போன வாரம் விடைத்தாள் திருத்திக்கிட்டு இருக்கும்போது தொப்புளுக்குக் கீழே மீன்குஞ்சு வாலால தட்டின மாதிரி ஒரு தட்டு தட்டினியே, நான் சிவப்புப் பேனாவைக் கீழே போட்டுட்டு மூச்சைக்கூட விடாம உக்காந்திருந்தேனே. மறுநாள் சோறு வடிக்கும்போது இன்னொண்ணு. அவ்வளவுதான். கோயம்புத்தூர்ல ரயில் ஏறினதுலேருந்து கப்சிப். ஒருவேளை அது ரெண்டுமே வாயுதானோ என்னவோ. அஞ்சாம் மாசம்தானே, அசைவு இப்பத்தான் லேசா தெரிய ஆரம்பிக்கும், ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது, அதையே புடிச்சுக்கிட்டு உக்காராதே பூங்கொடின்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுடுவாங்க. லைஃப் ஜாக்கெட்டை இன்னும் இழுத்துக் கட்டணும்னு படகுக்காரர் கன்னடத்துலயும் கையாலயும் சொல்றார், எப்படிய்யா இழுக்கறது, உள்ளே ஒரு ஆள் இருக்குதோ இல்லையோன்னு நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன். "விடுங்கண்ணா, மேடத்துக்கு மூச்சு முட்டும்"னு சொல்லி நஸ்ரீன் வந்து பட்டையைத் தளர்த்தி விடறா. மூணாம் வருஷம் சிவில்லயே சின்ன உருவம், வாய் மட்டும் வகுப்பு முழுக்கக் கேக்கும். என் வயித்துப் பக்கம் கண்ணு போகாம ரொம்ப ஜாக்கிரதையா கடலைப் பாக்கறா. இவளுக்குத் தெரியுமோ? தெரிஞ்சா தெரியட்டும். இல்லை, வேண்டாம், தெரியவேண்டாம். டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கும் சொல்லலையே. உண்டாயிருக்கேன்னு சொன்னா பிறகு இல்லைன்னும் ஒருநாள் சொல்ல வேண்டி வரும், முதல் தடவையும் வந்துச்சு, ரெண்டாம் தடவையும் வந்துச்சு, அந்த இல்லைங்கற சொல்லை வாயிலேருந்து எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்தது.

வலின்னு ஒண்ணு வந்திருந்தாகூடப் பரவாயில்லை, ரெண்டு தடவையும் வலியே வரலை. நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன், பஸ்ஸைப் புடிச்சுக் காலேஜுக்குப் போனேன், ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தா அந்த ஸ்கேன் அம்மா, அதுவரைக்கும் எந்த ஊரு, எத்தனை மணி பஸ்ஸுல வந்தீங்கன்னு கலகலன்னு பேசிக்கிட்டு இருந்தவங்க, பேச்சை நிறுத்தினாங்க. அவ்வளவுதான், பேச்சை நிறுத்தினாங்க. திரையை லேசா அந்தப் பக்கம் திருப்பினாங்க. அந்தத் திருப்பல்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுலேருந்து யாராவது பேசிக்கிட்டே இருக்கும்போது சட்டுன்னு நிறுத்தினா எனக்கு உள்ளங்கை வேர்த்துடும். அதனாலதான் இந்தப் பசங்க கத்தறது ஒருவகையில எனக்கு நல்லதுதான், கத்துங்கடா, நல்லாக் கத்துங்க. "இந்த நேரத்துல கடல், படகுன்னு போகணுமா?"ன்னு என் வீட்டுக்காரர் சிவநேசன் கேட்டார், பாவம் மனுஷன், சத்தம் போடக்கூடத் தெரியாது, தட்டுல இருந்த தோசையைப் பிச்சுப் பிச்சு வெச்சுக்கிட்டே கேட்டார். டாக்டரைக் கேட்டேன், போகலாம்னுட்டாங்கன்னேன். "டாக்டர் சரி, நீ என்ன சொல்றே?"ன்னார். நான் என்ன சொல்ல? வீட்டுல உக்காந்தா ராத்திரி பகலா வயித்தைத் தொட்டுக்கிட்டு, விரலால தட்டிக்கிட்டு, தட்டிட்டுக் காதை வெச்ச மாதிரி காத்துக்கிட்டு இருக்கேன், எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்னு சொல்லவா? ஒன்பது வருஷமா போட்டோவைக் காட்டியே பாடம் நடத்தின அந்தத் தீவுக் கல்லை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வரேன்னேன். அதுவும் பொய் இல்லை. எரிமலைப் பாறைன்னு போர்டுல எழுதும்போதெல்லாம் எனக்கே ஒரு கூச்சம், சமையல் தெரியாதவ சமையல் குறிப்பு எழுதற மாதிரி. தோசையை முடிக்காமலே எந்திரிச்சுப் போய் என் ஷூவை எடுத்துத் துடைச்சு வெச்சார். அப்ப எனக்கு அழுகை வந்துச்சு, வெங்காயம் நறுக்கினேன்.

பெரிய படகு தீவு வரைக்கும் போகாதாம், நடுக்கடல்ல நிறுத்திச் சின்னப் படகுக்கு மாத்தறாங்க. "மேடம், பாத்து, பாத்து, கையைப் புடிங்க"ன்னு அருளப்பன் சார் கூப்பாடு. சர்வே பாடம் எடுக்கற மனுஷன், மாணவர்களை எண்ணி எண்ணியே இவர் பாதி இளைச்சுட்டார், எண்ணி முடிக்கும்போது எவனாவது இடம் மாறிடறான், மறுபடி முதல்லேருந்து. கால் தண்ணியில படுது, வெதுவெதுன்னு இருக்கு. மணல் இல்லை இது, உடைஞ்ச சிப்பி, நடந்தா நறநறங்குது. தென்னை. வெயில். இதுல என்ன இருக்குன்னு எவனோ முனகறான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு என் உள்ளேயே கவனமா நடக்கறேன், படகு மாறும்போது ஒரு குலுக்கு குலுக்கிச்சே, அது உனக்குத் தெரிஞ்சுதா, முழிச்சுக்கிட்டியா, பயந்துட்டியா, ஒரு தட்டு தட்டக்கூடாதா, ஒரே ஒரு தட்டு. தென்னைகளைத் தாண்டி ஒரு திருப்பம். நிமிந்தேன். ஐயோ. ஐயோ சாமி. இது என்ன இது. தூணு. கறுப்புத் தூணு, ஒண்ணை ஒட்டி ஒண்ணு, நெருக்கியடிச்சு நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு பக்கம், ஆறு பக்கம், பட்டை தீட்டின மாதிரி, தலையை மட்டமா சீவின மாதிரி, படிப்படியா கடலுக்குள்ள இறங்கிப் போகுது, கடைசித் தூணு மேல அலை ஏறி உக்காந்து வழியுது. போட்டோ பொய். ஒன்பது வருஷமா நான் காட்டின அத்தனை போட்டோவும் பொய். ஒரு போட்டோவாவது இது இத்தனை பெரிசுன்னு சொல்லுச்சா, இத்தனை ஒழுங்குன்னு சொல்லுச்சா, இப்படி மூச்சை அடைக்கும்னு சொல்லுச்சா? பசங்க சத்தம் நின்னுபோச்சு. வழக்கமா வேர்க்கற உள்ளங்கை எனக்கு வேர்க்கலை, அதை நான் கொஞ்சம் கழிச்சுத்தான் கவனிச்சேன். அப்புறம் இன்பரசு குரல். அவன் அப்பாவுக்கு நாமக்கல்ல சென்ட்ரிங் வேலை, பலகை அடிச்சு கான்கிரீட் ஊத்தறதைப் பாத்தே வளந்தவன். "மேடம், இதுக்கு யாரு மேடம் சென்ட்ரிங் போட்டது?" எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கலை. நிஜமாவே கேக்கறான். தூணோட விளிம்பைத் தடவிப் பாக்கறான், பலகை கூடின இடத்துல கான்கிரீட் பிதுங்கிக் கோடு விழுந்திருக்கும் இல்லை, அதைத் தேடறான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை, எங்க சிவில் ஆளுங்களுக்கு ஒழுங்கா ஒண்ணைப் பாத்தா உடனே கான்ட்ராக்டர் யாருன்னுதான் கேக்கத் தோணும். "யாரும் போடலைடா"ன்னேன். "போடாம எப்படி மேடம் மூலை இவ்வளவு ஷார்ப்பா வரும்?" சரி, நான் சொல்லணும், சொல்லத்தானே சம்பளம். வழக்கமா நான் என்ன செய்வேன், எந்தக் குவாரிக்குப் போனாலும் முதல்ல சுத்தியல், தட்டிப் பாரு, நல்ல கல்லு கணீர்ங்கும், உளுத்த கல்லு தொப்புங்கும், கல்லைத் தட்டிக் கேட்டா அதுவே சொல்லும்பேன். பசங்க எனக்கு வெச்ச பேரே தட்டிப்பாரு மேடம்தான், தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இங்க சுத்தியல் கூடாது, பாதுகாத்து வெச்சிருக்கற இடம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாதுன்னு நேத்தே சொல்லிச் சுத்தியலையெல்லாம் லாட்ஜ்லயே வெச்சுட்டு வரச் சொல்லிட்டேன். தட்டாம ஒரு கல்லை எப்படித் தெரிஞ்சுக்கறது? பாரு. தொடு. காத்திரு. சொல்லிட்டேன், சொன்ன வாய் எனக்கே ஒருமாதிரி ஆயிடுச்சு. நஸ்ரீன் போன்ல படம் எடுக்கறா. "ஸ்கேல் வைம்மா"ன்னேன், பழக்கதோஷம். பாறையைப் படம் எடுத்தா பக்கத்துல அளவுக்கு ஏதாவது ஒண்ணு வைக்கணும், பேனாவோ காசோ சுத்தியலோ, இல்லைன்னா அது கூழாங்கல்லா குன்றான்னு பாக்கறவனுக்குத் தெரியாது, அது இல்லாத படத்துக்கு நான் மார்க்கே போடறதில்லை. "சுத்தியல் இல்லையே மேடம், இதுக்குப் பேனா வெச்சா எறும்பு மாதிரி இருக்கும். நீங்களே நில்லுங்க." "நானா? இன்பரசு நெட்டையா இருக்கான், அவனை நிறுத்து." "அவன் அசைஞ்சுக்கிட்டே இருப்பான் மேடம், நீங்க நில்லுங்க." நின்னேன். முதுகு தூணைத் தொடுது, கல்லு சுடுது, இதமான சூடு. கை தானா வயித்துக்கு மேல போயிடுச்சு, எடுத்துட்டேன், மறுபடி போயிடுச்சு. என் தலைக்கு மேல இன்னும் என் உசரம் தூணு இருக்கு. "கேப்ஷன் என்ன போடட்டும் மேடம்? அளவுக்கு ஒரு ஆள்னு போடவா?" ஒரு ஆள். இந்தக் கேள்விக்குத்தானே நான் ரயில் ஏறினதுலேருந்து பதில் தேடிக்கிட்டு இருக்கேன், ஒரு ஆளா, ரெண்டா, இல்லை ரெண்டா இருந்து இப்ப ஒண்ணா. "அப்புறம் சொல்றேன், இப்ப வெறுமனே விடு"ன்னேன். குரல் கொஞ்சம் கரகரத்துச்சு. வெயில்னு நினைச்சிருப்பா.

சுத்தி உக்காருங்கன்னேன், உக்காந்தாங்க, ஆளுக்கொரு தூணு மேல, பள்ளிக்கூடத்துக்கு ஸ்டூல் போட்ட மாதிரி. எட்டுக் கோடி வருஷத்துக்கு மேலே இருக்கும், அப்ப இங்க கடல் இல்லைன்னேன். இந்தப் பக்கம் இருந்தது மடகாஸ்கர். நம்மளோட ஒட்டிக்கிட்டு இருந்தது, ஒரே நிலம், பிரிஞ்சு போச்சு. பிரிஞ்ச நேரத்துல கீழேருந்து வந்த குழம்பு இது. எட்டுக் கோடின்னு சொல்லும்போது வாயில அது ஒரு எண்ணுதான், ஆனா உக்காந்திருக்கற இடம் சுடும்போது அது எண்ணு இல்லை. குழம்பு வந்து தேங்கிச்சு. மேலே ஆறிச்சு, ஆறினது சுருங்கிச்சு, சுருங்கினது வெடிச்சுது, கோடையில கண்மாய் காஞ்சா பாளம் பாளமா வெடிக்குமே அப்படி. அந்த வெடிப்பு அவசரப்படாம, உள்ளே ஆற ஆற, கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கிச்சு. "அப்ப இதெல்லாம் கிராக்கா மேடம்? நாம கிராக்னா பில்லே பாஸ் பண்ண மாட்டோமே"ன்னான் ஒருத்தன். கிராக்தான். வெடிப்புன்னா நமக்கு ரிப்பேரு, இங்க வெடிப்புதான் வடிவம். ஒருத்தனும் பலகை அடிக்கலை, ஒருத்தனும் மட்டம் பாக்கலை, ராத்திரியும் பகலும் யாரும் பாக்காத இடத்துல தானா ஆறி, தானா இழுத்துக்கிட்டு, தானா ஆறு மூலை எடுத்துக்கிட்டு நிக்குது. சொல்லிக்கிட்டே வந்தவ டக்குன்னு நிறுத்திட்டேன். நானே பேச்சை நிறுத்திட்டேன், அந்த ஸ்கேன் அம்மா மாதிரி. பசங்க என்னைப் பாக்கறாங்க. நகம் வந்திருக்கும் இந்நேரம், விரல் ரேகைகூட விழ ஆரம்பிச்சிருக்குமாம், புத்தகத்துல படிச்சேன், அதுக்கு யாரு சென்ட்ரிங் போட்டா? நானா போட்டேன்? நான் சோறு தின்னேன், தூங்கினேன், பேப்பர் திருத்தினேன். இருட்டுக்குள்ள அது பாட்டுக்கு விரல் எடுத்துக்கிட்டு இருக்கு, இருந்தா. இருந்தா. அந்த ஒரு சொல்லுதான் முள்ளு மாதிரி மாட்டிக்குது, எதை நினைச்சாலும் அதுல வந்து கிழியுது. இப்படியே நின்னுபோயிருந்தா? ரேகை பாதி விழுந்ததோட? "மேடம், தண்ணி குடிங்க"ன்னு நஸ்ரீன் பாட்டிலை நீட்டறா. குடிச்சேன். "போய் அளந்துட்டு வாங்க, ஒவ்வொருத்தரும் தூணுக்கு எத்தனை பக்கம்னு பாருங்க, தண்ணி பக்கம் யாரும் போகக் கூடாது"ன்னு விரட்டினேன். "போங்கப்பா போங்க, வெயில் ஏறிடும்"னு அருளப்பன் சார் பின்னாலயே எண்ணிக்கிட்டு ஓடறார்.

தனியா உக்காந்தேன். பழைய தூணுக்கே போய்ச் சாஞ்சு காலை நீட்டினேன், ஷூ ரெண்டும் தெரியுது, அவர் துடைச்சது, சிப்பித்தூள் அப்பியிருக்கு. கண்ணை மூடினா வெளிச்சம் சிவப்பா உள்ளே வருது, உனக்கும் இப்படித்தான் சிவப்பா தெரியுமோ. இத்தனை பெரிய இடத்துல இத்தனை கோடி வருஷத்துக்கு நடுவுல நான் கேக்கறது ஒரு தட்டு, எவ்வளவு அல்பம் பாரு, ஆனா எனக்கு வேற எதுவும் வேண்டாம், மடகாஸ்கர் போனா போகட்டும், நீ இரு. அப்ப வந்துச்சு. தொம். எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டுது. வந்துடுச்சு, வந்துடுச்சு. அசையாம இருந்தேன். மறுபடி, தொம். கடவுளே, எவ்வளவு பலமா, இந்த மாசத்துல இவ்வளவு பலமாவா? சிவநேசனுக்கு போன் பண்ணணும், சிக்னல் இருக்கா. மறுபடி, தொம். அங்கதான் எனக்கு உறைச்சுது. முன்னாடி இல்லை, முதுகுல. கல்லுல வருது. கண்ணைத் திறந்தேன், அந்தக் கடைசித் தூணுகளுக்கு நடுவுல இருக்கற வெடிப்புல அலை புகுந்து அடிக்குது, அடிச்சா அத்தனை தூணும் சேந்து அதிருது, அந்த அதிர்வு என் முதுகுல வந்து முட்டுது. நுரை வெளியே வழியுது, தொம். சனியனே. கடலைத்தான் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை நான்தானே லேப்ல கத்தறேன், பூமியோட அதிர்வை ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல லாரி போகுதா, மோட்டார் ஓடுதான்னு பாருங்கடா, இல்லைன்னா லாரியை அளந்துட்டு பூமியை அளந்தேன்னு எழுதுவீங்கன்னு. நான் கடலை அளந்துட்டுப் பிள்ளைன்னு நினைச்சேன். சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை. யாரும் பக்கத்துல இல்லை, அழுதேன், பெரிசா ஒண்ணும் இல்லை, துப்பட்டாவுக்குள்ள. முதுகை எடுத்துடலாம்னு பாத்தேன், எடுக்கலை. அந்த அதிர்வு நல்லா இருந்துச்சு. அலைக்கு ஒரு கணக்கு இருக்கு, இழுக்கும், சத்தம் அடங்கும், ஒரு மூச்சு நேரம் எதுவும் இருக்காது, அப்புறம் தொம். இழுக்கும், அடங்கும், தொம். என் மூச்சும் அதோடவே போக ஆரம்பிச்சுது. எட்டுக் கோடி வருஷமா வெந்து ஆறிப் பிளந்து நின்னு, இப்ப என் முதுகைத் தட்டிக் கொடுக்கற மாதிரி. பயம் போகலை. பயம் இருந்த இடத்துலயே இருந்துச்சு, ஆனா அதைச் சுத்தி இடம் பெரிசாயிட்டுது, நான் அதுக்குள்ள மூச்சு விட்டேன். இழுக்கும். அடங்கும். தொம். இழுக்கும். அடங்கும்.

டுப்.

அலை இல்லை இது. அலை இன்னும் வரலை, அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள்ள, கல்லுல இல்லை, முதுகுல இல்லை, முன்னாடி, தொப்புளுக்கு இடப்பக்கம், உள்ளேருந்து வெளியே. அப்புறம்தான் அலை வந்து தொம்முன்னு அடிச்சுது, அது வேற, இது வேற, எனக்குத் தெரியாதா. நம்பாதே பூங்கொடி, ஒரு ரீடிங்கை வெச்சு எழுதாதே, இன்னொண்ணு பாரு. இழுக்குது. அடங்குது. கையை வெச்சுக்கிட்டேன், தட்டலை, சத்தியமா தட்டலை, சும்மா வெச்சுக்கிட்டேன். டுப். டுப். ரெண்டு. கையில வந்து முட்டுது. அடி என் தங்கமே. இருக்கியா. இங்கதான் இருக்கியா. ரயில்ல, படகுல, இத்தனை நேரம் தூங்கினியா, தூங்கு, உன் இஷ்டம், நல்லாத் தூங்கு, உன்னை யாரு எழுப்பச் சொன்னா. எனக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியலை, எதிர்ல கறுப்பா அத்தனை தூணும் எங்களைப் பாத்துக்கிட்டு நிக்குது, வெயில்ல மினுமினுங்குது, கடல் பச்சையா இருக்கு, இது பச்சைன்னே நான் இப்பத்தான் பாக்கறேன்.

"மேடம், போட் வந்துடுச்சு, சார் கூப்பிடறாரு"ன்னு நஸ்ரீன் ஓடி வரா, பின்னாலயே இன்பரசு, அவன் கையில ஏழு பக்கம் உள்ள தூணு ஒண்ணோட படம், அதைக் காட்டியே தீரணும்னு. என் முகத்தைப் பாத்ததும் ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. பேச்சும் நின்னுடுச்சு. எனக்கு உள்ளங்கை வேர்க்கலை. "நஸ்ரீன், என்னை வெச்சு ஒரு படம் எடுத்தியே, அதுக்கு என்ன எழுதினே?" "நீங்கதான் அப்புறம் சொல்றேன்னீங்க மேடம், வெறுமனே வெச்சிருக்கேன்." "அளவுக்கு ரெண்டு ஆள்னு எழுது." அவ என்னையே பாத்தா, கண்ணு ரெண்டும் பளபளன்னு ஆயிடுச்சு, தலையை மட்டும் ஆட்டினா. இன்பரசு போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பாக்கறான், அந்தத் தூணு இடுக்கெல்லாம் தேடறான். "ரெண்டாவது ஆள் எங்க மேடம் இருக்காங்க, எனக்குத் தெரியலையே"ன்னான். "எழுதுன்னா எழுதணும், கேள்வி கேக்காதே"ன்னு நஸ்ரீன் அவன் காலை ஓங்கி மிதிச்சா. நான் கையை நீட்டினேன், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா புடிச்சு எங்களைத் தூக்கி விட்டாங்க.